மலையேறும் பெற்றோல் எஞ்சின்: ஊவாத் தோட்ட வீதிகளில் சுமை இழுக்க என்ன வேண்டும்?

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை சுமார் 1,230 மீற்றர், அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். மறுபக்கம் எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கினால் உயரம் 200 மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். ஒரே நாளில் இந்த எல்லா உயரங்களையும் தொட்டுத் திரும்பும் சிறு லொறிகள் ஊவாவில் ஏராளம்.

1924 இல் பதுளையை வந்தடைந்த மலையக ரயில்பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர் உயரும். அந்த அளவைத் தாண்டக்கூடாது என்பதற்காகத்தான் தெமோதரையில் தண்டவாளம் ஒரு வட்டம் சுற்றித் தனக்குக் கீழேயே நுழைந்து போகிறது. லொறிக்கு அந்தச் சலுகை இல்லை. பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஸ்பிரிங்வெளிப் பக்கத் தோட்ட வீதிகளில் 10க்கு 1 ஏற்றம் சாதாரணம். குழியும் கல்லும் அதற்கு மேல்.

இந்த வீதிகளில் ஓடும் வாகனம் கொழுந்தையும் மரக்கறியையும் மட்டும் ஏற்றுவதில்லை. கூரைத் தகடு, சீமெந்து, விறகு, கேஸ் சிலிண்டர், சில இரவுகளில் பிரசவ வலியில் துடிக்கும் பெண் என்று எல்லாவற்றையும் அதுதான் சுமக்கிறது. அம்புலன்ஸ் எட்டாத லயன்களுக்கு லொறிதான் அம்புலன்ஸ். 1983 யூலையில் பதுளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, ஒரு தலைமுறையின் உழைப்பு சில மணி நேரத்தில் போனது. அப்படி இழந்து மீண்டும் தொடங்கிய குடும்பங்களுக்கு ஒரு பழைய வாகனம்தான் முதல் முதலீடு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மீளக்குடியேறிய பலருக்கும் கதை அதேதான்.

ஆகவே பழைய பெற்றோல் எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது பயனுள்ளது. சுருக்கமாகச் சொன்னால், சுமை இழுக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் வேகம் தேவையில்லை. குறைந்த சுழற்சியில் நல்ல இழுவை, வெப்பத்தைத் தாங்கும் உடல், கிடைக்கும் எரிபொருளுக்கு ஏற்ற அமுக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

ஏன் பெற்றோல்?

நீண்ட தூரம், கனத்த சுமை என்றால் டீசலே சிறந்தது. அதே எடையை இழுக்க டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளைக் குடிக்கும். ஆனால் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதானால் செலவு பெரிது. அதைச் சீர்செய்யும் கருவிகள் சிறு கராஜ்களில் இருப்பதுமில்லை. கார்புரேட்டர் பொருத்திய பெற்றோல் எஞ்சினை ஹாலிஎலவிலோ வெலிமடையிலோ உள்ள ஒரு சாதாரண கராஜில் முழுமையாகப் பிரித்துப் பூட்டலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எட்ட முடியாத இடத்துக்கு ஏறியது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வழி இருக்கவில்லை. டொயோட்டா 5கே எஞ்சின் பூட்டிய டவுன்ஏஸ், லைட்ஏஸ், பழைய லேண்ட் ரோவர், வில்லிஸ் ஜீப், பெற்றோல் ஹைலக்ஸ் போன்றவை இன்னும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலை கேட்கும் விலை

வாகனமும் சுமையும் சேர்த்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு அதை 750 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 18.4 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அதில் கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்றும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும்.

அப்படியானால் உயரத்துக்கு மட்டும் செலவாகும் பெற்றோல் சுமார் 2.3 லீற்றர். வீதியின் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் ஆகும் செலவு இதற்கு மேல். எந்த ‘பெற்றோல் சேவர்’ கருவியாலும், எந்த மாத்திரையாலும் இந்த 2.3 லீற்றரைக் குறைக்க முடியாது. ஆனால் எஞ்சின் தேய்ந்து, தீப்பொறி நேரம் தவறி, அதன் திறன் கால் பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்காக விழுந்தால் அதே ஏற்றத்துக்கு 2.9 லீற்றர் போகும். சேமிக்கக்கூடியது இந்த அரை லீற்றர்தான். நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறுபவருக்கு மாதக் கடைசியில் அது ஒரு பெரிய தொகை.

இன்னொரு கணக்கு. 500 கிலோ ட்ரெயிலரைப் பின்னால் கொளுவினால் அதே ஏற்றத்துக்குக் கூடுதலாக ஏறக்குறைய அரை லீற்றர் செலவாகும். தேவையில்லாத இரும்புத் தட்டும், ஒருபோதும் இறக்காத பழைய சாமானும் லொறியில் கிடந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் அவற்றுக்கும் பெற்றோல் கொடுக்கிறோம்.

2022 யூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை அறிமுகமானபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கும் வேனுக்கும் 20, லொறிக்கு 50 என்று பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் முடிவுக்கு வந்தது. அந்த மாதங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அரை லீற்றரின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

வலுவா, இழுவையா?

வாகனம் விற்கும்போது குதிரைவலுவைத்தான் சொல்வார்கள். சுமை இழுப்பவர் கேட்க வேண்டியது முறுக்குவிசை எவ்வளவு, அது எத்தனையாவது சுழற்சியில் கிடைக்கிறது என்பதை. குதிரைவலு என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. வேகமாகச் சுழன்று பெறும் வலு மலையில் அதிகம் உதவாது.

மேலே சொன்ன 2,500 கிலோ 10க்கு 1 ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறச் சக்கரத்தில் ஏறக்குறைய 21 குதிரைவலு போதும். அதே ஏற்றத்தை 40 கிலோமீற்றரில் ஏற 42 வேண்டும். ஆகவே அவசரப்படாவிட்டால் சிறிய எஞ்சினே போதுமானது. அது திணறாமல், அதிகம் அலறாமல் அந்த 21ஐத் தொடர்ந்து தர வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் 2.2 லீற்றர் எஞ்சினுக்கு 60 குதிரைவலுதான். ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை, சுமார் 142 நியூட்டன் மீற்றர், நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே வந்துவிடும். பழைய லேண்ட் ரோவரின் 2,286 சி.சி. பெற்றோல் எஞ்சின் 2,500 சுழற்சியில் சுமார் 168 நியூட்டன் மீற்றர் தரும். இன்றைய 1.2 லீற்றர் சிறுகார்கள் பலவற்றில் உச்ச முறுக்குவிசை 4,000 சுழற்சிக்கு மேல்தான் கிடைக்கிறது. தோட்டத் துரைமாரின் பழைய லேண்ட் ரோவர்கள் மலையில் ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இதிலிருந்து வரும் அறிவுரை எளிது. திரும்பக் கட்டும்போது கம்பனி கொடுத்த கேம்ஷாஃப்டையே வையுங்கள். ‘ஸ்போர்ட்ஸ் கேம்’ வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைத்து மேல்சுழற்சியில் வலுவைக் கூட்டும். கீழ்ச்சுழற்சியில் இழுவையைக் குறைக்கும். பெரிய கார்புரேட்டரும் அப்படித்தான். சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் பூட்டுவதால் சத்தம் கூடும். கீழ்ச்சுழற்சி இழுவை கூடாது.

தடைக்காலம் கற்றுத்தந்த அமுக்கப் பாடம்

1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். பின்னால் வெண்புகை கிளம்பும். அந்தத் தலைமுறைக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான ஃபேர்கசன் டிஈ20 உழவு இயந்திரத்திலும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென ஒரு மாதிரி இருந்தது. அதுவும் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மாறும். அதற்காக அதன் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வடிவமைத்திருந்தார்கள்.

அமுக்க விகிதம், மெக்கானிக்குகள் சொல்லும் ‘கம்பிரஷன்’, என்பது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்துக்கும் மேலே வந்தபின் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம். அது கூடினால் அதே பெற்றோலில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆனால் எரிபொருளின் ஒக்டேன் போதாவிட்டால் தீப்பொறி பரவும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். ஏற்றத்தில் ‘டிக் டிக்’ என்று கேட்கும் தட்டல் அதுதான். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், ஹெட் காஸ்கட் எரியும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. 7க்கு 1 அளவு அமுக்கம் கொண்ட 1950களின் எஞ்சின்கள் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டன.

பொறுத்துக்கொண்டதற்கும் விலை இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணீர் போலாகும். பெயரிங்குகள் தேயும். போரும் தடையும் வேறு வழி விடாத காலத்தில் அது நியாயமான விலை. இன்று அந்தக் கைவைத்தியத்தைத் திரும்பச் செய்வது நட்டமே. 2022 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாகவும் பெற்றோல் 450 ரூபாவைத் தாண்டியும் இருந்தபோது கலப்படம் செய்யும் ஆசை பலருக்கு வந்தது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்தபின் கணக்கு மாறியது. 9க்கு 1 அமுக்கமுள்ள எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஏற்றத்தில் சுமை இழுத்தால், மிச்சம் பிடித்த காசைவிட எஞ்சின் திருத்தச் செலவு பல மடங்காகும்.

பாடம் இதுதான்: நிச்சயமாகக் கிடைக்கும் எரிபொருளுக்கு ஏற்ற அமுக்கத்தை வையுங்கள். இலங்கையில் எல்லா இடத்திலும் கிடைப்பது 92 ஒக்டேன். கார்புரேட்டர் பூட்டிய பழைய எஞ்சினில் 8.5 முதல் 9 வரையிலான விகிதம் அதற்குப் பொருந்தும். ஹெட்டை மீண்டும் மீண்டும் லேத்தில் முகம் வெட்டினால் விகிதம் சத்தமில்லாமல் ஏறிவிடும். எவ்வளவு வெட்டப்பட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். அளவு மீறினால் தடித்த காஸ்கட் போடலாம், அல்லது வேறு ஹெட் தேடலாம்.

உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் தட்டல் குறையும். அப்புத்தளையில் சுகமாக ஓடும் எஞ்சின், வெல்லவாயவின் வெக்கையில் சுமையோடு தட்டத் தொடங்கலாம். ஆகவே நீங்கள் போகும் பாதையில் மிகத் தாழ்ந்த, மிகச் சூடான இடத்தை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரித்துக் கட்டும்போது

பிரிப்பதற்கு முன் கம்பிரஷன் மீற்றர் வைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் 160 காட்டும் நல்ல எஞ்சின், 1,400 மீற்றர் உயரத்தில் 135 அளவுதான் காட்டும். காற்றழுத்தம் குறைவதே காரணம். கொழும்பில் அச்சடித்த கணக்கை வைத்து அப்புத்தளையில் எஞ்சினைக் கழித்துவிடாதீர்கள். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மீண்டும் அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங்கில் குறை. ஏறாவிட்டால் வால்விலோ காஸ்கட்டிலோ குறை.

சிலிண்டர் ஓவலாகத் தேய்ந்திருந்தால் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. போர் அடித்து, 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரை வெட்டச் சொல்லுங்கள். போர் அடித்த சுவரில் ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒயிலைப் பிடித்து வைப்பது அந்தக் கோடுகள்தான். 80 மில்லிமீற்றர் சிலிண்டரில் ரிங்கின் வாய் இடைவெளி சுமார் 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். சுமை இழுக்கும் எஞ்சினில் ரிங் அதிகம் சூடாகி நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டிச் சுவரைக் கீறும்.

பழைய பெட்ஃபோர்ட், லேண்ட் ரோவர் எஞ்சின்களுக்கு இன்னொரு விடயம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் எக்ஸோஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது. மென்மையான இருப்பிடம் உள்ள ஹெட்டில், சுமையோடு ஏற்றம் ஏறும்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதையும். டப்பட் இடைவெளி இல்லாமல் போய் வால்வு எரியும். ஹெட் கையில் இருக்கும்போதே கடினமான வால்வு சீற் வளையங்களைப் போட்டுவிடுவது நல்லது.

புதிதாகக் கட்டிய எஞ்சினில் முதல் 1,000 கிலோமீற்றருக்கு ட்ரெயிலர் கொளுவாதீர்கள். அதற்காக ஐட்லிங்கில் மணிக்கணக்காக விடவும் வேண்டாம். மிதமான சுமையில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால்தான் ரிங்குகள் சுவரோடு படியும்.

உயரமும் தீப்பொறியும்

ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் சாதாரண பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கும். 70 குதிரைவலு எஞ்சின் அப்புத்தளையில் 60 அளவுதான். இதை எந்த டியூனிங்காலும் திரும்பப் பெற முடியாது. சுமையைக் கணக்கிடும்போதே இதைக் கழித்துவிட வேண்டும்.

காற்று மெலிவதால் கார்புரேட்டரில் பெற்றோல் விகிதம் கூடும். பிளக் கறுக்கும், சைலன்சரில் கரி படியும், பெற்றோல் வீணாகும். ஆனால் சிறிய ஜெட் போட்டுவிட்டு அதே லொறியில் தாழ்நிலத்துக்கு இறங்கினால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். எப்போதும் 1,200 மீற்றருக்கு மேலேயே ஓடும் வாகனத்துக்கு மட்டும் ஒரு படி சிறிய ஜெட் பொருத்தமானது. மேலும் கீழும் ஓடுபவர்கள் கம்பனி ஜெட்டை விட்டுவிட்டு எயார் ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் போதும். இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் காற்றின் அழுத்தத்தை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும்.

பெற்றோல் அதிகம் குடிக்கிறது என்று வரும் பல வாகனங்களில் குறை தீப்பொறி நேரத்தில்தான் இருக்கும். நேரம் பிந்தினால் பெற்றோலின் ஒரு பங்கு எக்ஸோஸ்ட் குழாயைத்தான் சூடாக்கும், ரேடியேட்டர் கொதிக்கும். முந்தினால் தட்டும். டைமிங் லைட் வைத்துப் பார்ப்பதோடு, டிஸ்ரிபியூற்றரின் வக்குவம் குழாய் வெடித்திருக்கிறதா, உள்ளே உள்ள எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் குழாய் கழன்றிருந்தாலே பெற்றோல் செலவு கூடும்.

வெப்பமும் ஒயிலும்

அப்புத்தளையில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தம் தாங்கும் நல்ல ரேடியேட்டர் மூடி இருந்தால்தான் கொதிநிலை உயரும். தேய்ந்த ரப்பருள்ள மூடி மலையில் இரட்டை ஆபத்து. விலை குறைந்த இந்தப் பொருளை மாற்றாமல் விட்டு, பிறகு ஹெட் வளைந்துபோய்ப் பெரும் பணம் செலவழித்தவர்கள் பலர்.

எஞ்சின் கொதிக்கிறது என்றவுடன் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் கராஜ்களில் பழக்கம். அதனால் ஏற்றத்தில் கொதிப்பது நிற்பதில்லை. மாறாக, பனிமூட்டமான காலையில் எஞ்சின் சூடேறவே மாட்டாது. குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பெற்றோல் குடிக்கும், சிலிண்டரும் விரைவில் தேயும். 82 பாகை தேர்மோஸ்டாட்டைப் போட்டு, ரேடியேட்டரின் உள்ளே அடைத்த துருவையும் வெளியே படிந்த சேற்றையும் நீக்குவதே சரியான மருத்துவம்.

ஒயில் மாற்றுவதைக் கிலோமீற்றரால் மட்டும் கணக்கிடக் கூடாது. சமவெளியில் மணிக்கு 50 கிலோமீற்றரில் 5,000 கிலோமீற்றர் ஓட 100 மணி நேரம். தோட்ட வீதியில் மணிக்கு 15 கிலோமீற்றரில் அதே தூரம் ஓட 330 மணி நேரத்துக்கு மேல். எஞ்சின் உழைத்தது மூன்று மடங்கு. மலையில் சுமை இழுக்கும் பழைய எஞ்சினுக்கு 3,000 கிலோமீற்றரில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுவது நியாயமானது.

கியரும் ட்ரெயிலரும்

பெரிய டயர் போட்டால் லொறி உயர்ந்து அழகாக நிற்கும். ஆனால் அது எல்லாக் கியரையும் உயர்த்திவிடும். முதல் கியரில் ஏறிய இடத்தில் கிளச்சை எரித்துத்தான் ஏற வேண்டி வரும். கம்பனி அளவு டயரே நல்லது.

மேல்கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு ஏறுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வேகம் ஏறவில்லை என்றால், பெரும்பாலான கார்புரேட்டர்கள் அந்த நிலையில் கூடுதல் பெற்றோலைத் திறந்துவிடும். ஒரு கியர் குறைத்து, முக்கால் மிதியில் 2,500 சுழற்சி அளவில் ஏறுவதே செலவு குறைவு. பெயரிங்குக்கும் அதுதான் நல்லது.

ட்ரெயிலரில் சுமையைச் சற்று முன்பக்கமாக அடுக்குங்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொளுவியில் அழுத்த வேண்டும். பின்பாரம் கூடினால் இறக்கத்தில் ட்ரெயிலர் வாலாட்டி லொறியையே இழுத்துக்கொண்டு போகும். பிரேக் இல்லாத ட்ரெயிலரின் எடை இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. மலையில் அதைவிடவும் குறைவாக இருப்பதே நல்லது. வேறு எஞ்சின் மாற்றினால் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். சோதனையில் நிறுத்தப்படும்போது பொருந்தாத இலக்கம் என்ன தொல்லை தரும் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல.

இறக்கம்

ஏறும்போது கொடுத்த சக்தியை மலை இறங்கும்போது அப்படியே திருப்பித் தரும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு 2,500 கிலோ இறங்கும்போது வெளிவரும் சக்தி, 50 லீற்றருக்கு மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் உராய்வும் ஒரு பங்கை வாங்கும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் வாங்கும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் எண்ணெய் கொதித்து, மிதி தரை வரை போகும்.

2025 செப்டெம்பர் 4 இரவு அதே வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த வளைவுகளில் எந்த வாகனத்துக்கும் பிழைவிட இடமில்லை.

பெற்றோல் எஞ்சினுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. அக்சிலரேட்டரை விட்டதும் காற்று வழி மூடி, உள்ளே வக்குவம் உண்டாகி, எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், எஞ்சினை நிறுத்தி இறக்குவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிகளோடு செத்துவிடும். இன்ஜெக்ஷன் வாகனங்களில் கியரில் இறங்கும்போது பெற்றோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெற்றோல் போகும். ஆகவே அந்தப் பழக்கத்தில் மிச்சமும் இல்லை.

கையில் பணம் குறைவென்றால்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பலரால் முடியாது. அப்படியானால் வரிசை இப்படி இருக்கட்டும்.

1. பிரேக், டயர், ட்ரெயிலர் கொளுவி.
2. ரேடியேட்டர், மூடி, தேர்மோஸ்டாட், ஃபேன் பெல்ற்.
3. ஒயில், ஃபில்டர், எயார் ஃபில்டர்.
4. பிளக், தீப்பொறி நேரம், வக்குவம் குழாய், டப்பட் இடைவெளி.
5. கார்புரேட்டர் சுத்தம்.
6. இவை எல்லாம் செய்தும் கம்பிரஷன் போதாவிட்டால் மட்டும் எஞ்சினைப் பிரித்தல்.

முதல் ஐந்துக்கும் ஆகும் செலவு ஆறாவதை விடக் குறைவு. பல எஞ்சின்கள் ஐந்தாவது படியிலேயே சரியாகிவிடும். ஆறாவது படிக்குப் போக நேர்ந்தால், வெட்டிய அளவு, போட்ட பிஸ்டனின் அளவு, காஸ்கட்டின் தடிப்பு, மாற்றிய திகதி என எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை வேறொரு மெக்கானிக் திறக்கும்போது, அல்லது நாளை அந்த வாகனம் உங்கள் பிள்ளையின் கைக்குப் போகும்போது, எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்திருக்கும்.